தடம் மாறிய கால்

1986ஆம் ஆண்டு சியோலில் நடைபெற்ற ஆசிய விளையாட்டுப் போட்டியில், மகளிர் 800 மீட்டர் இறுதி ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர் ஷைனி ஆபிரகாம். கேரளத்தில் இடுக்கி மாவட்டத்துத் தொடுபுழையில் பிறந்து, பாலா அல்போன்சா கல்லூரியில் பயின்றவர். அப்போது அவருக்கு வயது 21. மற்றவர்களை வெகுவாகப் பின்னுக்குத் தள்ளியும் அவருக்குப் பதக்கம் கிடைக்கவில்லை. இந்த ஓட்டத்தில் முதல் வளைவு முடியும்வரை ஒவ்வொருவரும் தமக்குரிய தடத்திலேயே ஓட வேண்டும். ஷைனி அதற்கு முன்பே தடம் மாறிவிட்டார் என்பதால் தகுதி நீக்கம் செய்யப்பட்டார்.

தோல்வி நல்ல ஆசான் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். (கல்லூரி விளையாட்டு விழாக்களில் இதைச் சொல்பவர் பெரும்பாலும் பரிசளிக்க வந்த விருந்தினரே!) உண்மையில் தோல்வி தானாக எதையும் கற்பிப்பதில்லை. வலிமை குறைந்து தோற்றவரிடம் இன்னும் உழைக்க வேண்டும் என்ற எண்ணமாவது எழும். வலிமை இருந்தும் விதியால் தோற்றவரின் நிலை வேறு. 'உண்மையில் வென்றவள் நான்தானே' என்று மனம் வாதாடும். அகங்காரம் வெற்றியில் மட்டுமா வளர்கிறது? தோல்வியில் அதற்குக் கிடைக்கும் புகலிடம் இன்னும் பாதுகாப்பானது. அங்கே அதை எவராலும் சோதித்துப் பார்க்க இயலாது.

ஷைனி அந்தப் புகலிடத்தில் தங்கவில்லை. 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக் தொடக்க விழாவில் நம் நாட்டின் கொடியை ஏந்திச் சென்ற முதல் பெண்மணி அவரே. 1995இல் சென்னையில் நடந்த தெற்காசியப் போட்டியில், அதே 800 மீட்டரை 1 நிமிடம் 59.85 விநாடிகளில் ஓடித் தேசிய சாதனை படைத்தார். சியோலுக்குப் பின் ஒன்பது ஆண்டுகள்! அச்சாதனை 2010 வரை நிலைத்தது.

தடத்தின் கோட்டைப் போன்றவரே கண்டிப்பான பயிற்சியாளரும். இடுக்கியில் பிறந்து பாலக்காட்டில் இல்லம் அமைத்துக்கொண்ட பிரீஜா ஸ்ரீதரன், 2006இல் தோஹா ஆசியப் போட்டியிலிருந்து பதக்கமின்றித் திரும்பியவர். கண்டிப்புக்குப் பெயர்பெற்ற பெலாரூஸ் நாட்டவரான நிகோலாய் ஸ்னேசரெவிடம் பயின்று, 2010இல் குவாங்சோவில் 10,000 மீட்டரில் தங்கம் வென்றார்.

இதைக் காட்டி எல்லாக் கடுமையையும் நியாயப்படுத்திவிட முடியுமா? முடியாது. மாணவரின் குறையை நோக்கிய கடுமை ஒன்று. ஆசிரியர் தம் சினத்தைத் தணித்துக்கொள்ளும் கடுமை மற்றொன்று. முன்னது உடலை வருத்தினாலும் உள்ளத்தைச் சிறுமைப்படுத்தாது. பின்னது அச்சத்தை மட்டுமே பழக்குகிறது. அச்சத்தால் கோட்டுக்குள் ஓடுபவர், பார்ப்பவர் இல்லாதபோது அதை மிதிக்கத் தயங்கமாட்டார்.

இரண்டையும் மாணவர் எவ்வாறு பிரித்தறிவது? ஆசிரியர் தமக்கும் அதே கட்டுப்பாட்டை விதித்துக்கொண்டிருக்கிறாரா என்று பார்த்தால் போதும். 2021 மார்ச்சில் ஒரு தடகளப் போட்டிக்காகப் பட்டியாலா வந்திருந்த ஸ்னேசரெவ், அங்குள்ள விளையாட்டு நிறுவனத்தின் விடுதி அறையிலேயே உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 72.