வறுமைக்குச் சாட்சி யார்?

இராமானுசர் 1017ஆம் ஆண்டு ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தார் என்பது வைணவ மரபு. அவரே உகந்து தழுவியதாகப் போற்றப்படும் ‘தானுகந்த திருமேனி’ இன்றும் அவ்வூர் ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் இருக்கிறது. கோயிலைச் சுற்றி இப்போது வேறோர் உலகம் எழுந்துவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், சுங்குவார்சத்திரத்தில் சாம்சங்கும் ஃபாக்ஸ்கானும், ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு, டைம்லர், அப்பல்லோ டயர்ஸ். விடியும் முன்பே கம்பெனி பஸ்கள் ஆளேற்றத் தொடங்கிவிடும்.

இந்தத் தொழிலாளர்களின் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்ததும் வருமானச் சான்றிதழுக்காக இ-சேவை மையம் போகிறார்கள். விண்ணப்பம் வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியரிடம் போய்ச் சேரும். கேள்வி ஒன்றுதான்: அப்பா, அம்மா ஆண்டுக்கு என்ன சம்பாதிக்கிறார்கள்? பல கல்லூரி உதவித்தொகைகள் கிடைக்குமா கிடைக்காதா என்பதை அந்த ஒரு தொகை தீர்மானித்துவிடுகிறது.

அலுவலக நடைமுறையாகத் தோன்றும் இதற்குள் பழைய அறக்கேள்வி ஒன்று இருக்கிறது. கொடுப்பவர் பெறுபவரைச் சோதிக்கலாமா? சோதிக்கலாம் என்றால் எதுவரை?

இதே ஊரில் பிறந்தவரின் வாழ்க்கைக் கதையே இந்தக் கேள்வியைச் சுற்றி அமைந்ததுதான். வைணவத் திருமந்திரத்தின் பொருள் கேட்டு இராமானுசர் திருவரங்கத்திலிருந்து திருக்கோட்டியூர் நம்பி என்ற ஆசாரியரிடம் பதினெட்டு முறை நடந்தார் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. தகுதி உறுதியாகும் வரை ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பப்பட்டார். கடைசியில், தகுதியற்றவருக்குச் சொல்லக் கூடாது என்ற வாக்குறுதியின் பேரில் உபதேசம் கிடைத்தது. அவரோ திருக்கோட்டியூர்க் கோயிலின் மேலேறி, கூடியிருந்த எல்லோருக்கும் அதைச் சொல்லிவிட்டார். தனக்கு நரகம் வந்தாலும் இத்தனை பேர் உய்வார்களே என்பது அவர் சொன்ன காரணம். சோதனையை முழுமையாக அனுபவித்த ஒருவர், அதை அடுத்தவர் மேல் சுமத்த மறுத்தார். கதையின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஆனால் அந்தக் கதையை அப்படியே தாலுகா அலுவலகத்துக்குக் கொண்டுபோக முடியாது. மந்திரம் ஆயிரம் பேருக்குச் சொன்னாலும் குறையாது. கல்விக் கட்டணத்துக்கான நிதி குறையும். 1867இல் வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலையில் சாதி, ஊர், வருமானம் எதுவும் கேட்காமல் சோறு போடுகிறார்கள். அங்கே பசியே சான்று. பசிக்காதவர் வந்து வயிறு நிறையத் தின்று கெடுத்துவிடப் போவதில்லை. பணம் அப்படியல்ல. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பொய்ச் சான்றால் வாங்கும் உதவி, வேறொரு வீட்டுப் பிள்ளைக்குப் போகாமல் நின்ற உதவி. பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்று நம் பாட்டிமார் சொன்னதில் நியாயம் இருக்கிறது. எனவே சரிபார்ப்பது அதர்மம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. எதைச் சரிபார்க்கிறோம், யார் தலையில் அந்தச் சுமையை வைக்கிறோம் என்பதுதான் வழக்கு.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். மாதக் கணக்கில் 20,833 ரூபாய். ஒரகடத்தில் கணவன், மனைவி இருவரும் கான்ட்ராக்ட்டில் வேலை பார்க்கும் ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். ஆர்டர் மிகுந்த மாதங்களில் ஓ.டி. பார்த்துச் சம்பாதித்த பணமே அந்த வீட்டை வரம்புக்கு மேலே தூக்கிவிடலாம். இரவு ஷிப்டில் கூடுதலாகப் பட்ட பாடு, மகளின் உதவித்தொகையைப் பறிக்கும் காரணமாகிறது. வரம்பை ஒரு ரூபாய் தாண்டினாலும் கதவு முழுதாக மூடிக்கொள்ளும்.

இதில் இந்தப் பகுதிக்கே உரிய அநீதி ஒன்று உண்டு. கம்பெனித் தொழிலாளியின் வருமானம் பே சிலிப்பில் பைசா சுத்தமாகத் தெரிகிறது, பி.எஃப். கணக்கும் வங்கிக் கணக்கும் சாட்சி சொல்கின்றன. அதே தெருவில் நிலத் தரகு பார்ப்பவரின் வருமானமோ அவர் வாயால் சொல்வதுதான். கணக்குக்குள் வந்து உழைப்பவர் மாட்டிக்கொள்கிறார். கணக்குக்கு வெளியே சம்பாதிப்பவர் ஏழையாகப் பதிவாகிறார்.

வருமானம் என்றால் என்ன என்பதிலேயே அரசுக்குள் ஒரே கருத்து இல்லை. கல்விக் கடன் வட்டி மானியத்துக்கான மத்தியத் திட்டம் 4.5 லட்சம் வரை ஏற்கிறது. மத்திய அரசின் ஓ.பி.சி. ஒதுக்கீட்டில் ‘கிரீமி லேயர்’ வரம்பு 8 லட்சம். 1993 விதிப்படி வருமானக் கணக்கில் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது. பொருளாதாரத்தில் நலிந்தோர் ஒதுக்கீட்டுக்கும் அதே 8 லட்சம்தான். அங்கே இரண்டும் சேரும். ஒரே குடும்பம் ஒரு மேசையில் ஏழை, அடுத்த மேசையில் இல்லை. வறுமை கண்ணுக்குத் தெரியும் பொருளாக இருந்தால் இப்படி நேருமா?

சான்றிதழ் கடந்த காலத்தைத்தான் பேசுகிறது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1இல் மூடப்பட்டது. 2024 செப்டம்பரில் தொடங்கிச் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வேலை போன வீட்டுக்கும் சம்பளம் நின்ற வீட்டுக்கும் கல்லூரிக் கட்டணம் இந்த ஆண்டுதான் கட்ட வேண்டும். பே சிலிப் போன ஆண்டை மட்டுமே காட்டும். குடும்பத்தை விட்டுப் போன தகப்பனின் சம்பளச் சான்றை மகன் எங்கே போய் வாங்குவான்?

இந்த நெருக்கடியில் சிலர் வருமானத்தைக் குறைத்து எழுதுகிறார்கள். அது பாவமா? திருக்குறளின் வாய்மை அதிகாரம், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்கிறது. குற்றமற்ற என்ற நிபந்தனைதான் இங்கே முக்கியம். நிதி குறைவாக இருக்கும்போது அந்தப் பொய் முகம் தெரியாத இன்னொரு பிள்ளையைத் தொடுகிறது. ஆகவே அதற்கு வள்ளுவரிடம் இடம் கிடைக்காது. ஆனால் பொய் சொல்லாமல் பிள்ளையைப் படிக்க வைக்க முடியாது என்ற நிலையில் ஒரு தந்தையை நிறுத்தும் ஏற்பாட்டுக்கு அந்தப் பொய்யில் பங்கில்லை என்றும் சொல்ல முடியாது.

தமிழ்நாடு இந்த அளவுகோலை ஒரு முறை பட்டுத் தெரிந்துகொண்டது. 1979இல் எம்.ஜி.ஆர். அரசு, ஆண்டு வருமானம் 9,000 ரூபாய்க்கு மேல் உள்ள பிற்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு ஒதுக்கீடு இல்லை என்று ஆணையிட்டது. ஒதுக்கீடு சமூக இழிவுக்கான மாற்று, வறுமை ஒழிப்புத் திட்டம் அல்ல என்று திராவிடர் கழகமும் தி.மு.க.வும் எதிர்த்தன. 1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். ஆணை திரும்பப் பெறப்பட்டது. பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 31 விழுக்காட்டிலிருந்து 50 ஆனது. உதவித்தொகை வேறு, ஒதுக்கீடு வேறு. ஆனாலும் ஒரு குடும்பத்தின் நிலையை ஒரே தொகையால் சொல்லிவிட முடியாது என்ற பாடம் இரண்டுக்கும் பொது.

அதன் பிறகு இம்மாநிலம் வேறு அடையாளங்களைத் தேடியது. 2010இல் வந்த முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகைக்கு வருமான வரம்பு இல்லை. வீட்டில் இதற்கு முன் யாரும் பட்டம் பெறவில்லை என்பதே போதும். தொழிற்கல்வியில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடம் தரும் 2021ஆம் ஆண்டுச் சட்டமும், 2022இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும் படித்த பள்ளியைப் பார்க்கின்றன. பள்ளிப் பதிவேடு அரசின் கையிலேயே இருக்கிறது. மாணவி தன் வறுமையை யாரிடமும் விவரிக்க வேண்டாம். குறையும் உண்டு. கடன் வாங்கி மலிவான மெட்ரிக் பள்ளிக்கு அனுப்பிய தொழிலாளியின் பிள்ளை இந்த அடையாளங்களில் பலவற்றுக்கு வெளியே நிற்கிறது. ஆனாலும் இது மானமுள்ள வழி.

நாடாமல் ஒதுங்கியிருக்கும் ஏழையை, அவர் அடக்கத்தால் வசதியானவர் என்று அறியாதவர் நினைத்துவிடுவார்கள் என்று குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் எச்சரிக்கிறது. அவரை அடையாளம் காணும் கடமை கொடுப்பவருடையது. அதற்கு வழியும் உண்டு. அமெரிக்காவில் கல்லூரி உதவி கேட்கும் குடும்பத்தின் வருமானத்தை, சம்மதம் பெற்று வரித்துறையிடமிருந்தே நேராக எடுத்துக்கொள்ளும் முறை 2024–25 கல்வியாண்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. பி.எஃப். பதிவும் வரிப் பதிவும் வைத்திருக்கும் நம் அரசுகளாலும் இது முடியும். வரம்பைத் தாண்டியதும் எல்லாம் போய்விடாமல், உதவி படிப்படியாகக் குறையும்படி விதியை மாற்றவும் முடியும். வேலை போன ஆண்டில் போன ஆண்டுச் சம்பளத்தைக் கேட்காமல் இருக்க ஓர் அரசாணை போதும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சங்கங்கள் போனஸ் கோரிக்கையோடு இந்த மூன்றையும் சேர்த்து அரசிடம் கேட்க வேண்டும்.