35 மதிப்பெண்ணின் நியாயம்

ஒரு மொழியைக் கற்றுக்கொடுக்காமல், அந்த மொழித் தேர்வில் பாஸாவதற்கு மட்டும் ஒரு பிள்ளையைத் தயார் செய்வது சரியா? சேர்வராயன் மலையில், காப்பித் தோட்டத்து லயன் வீடுகளில் மாலை வகுப்பு எடுக்கிற எவரும் இந்தக் கேள்வியைச் சுற்றிப் போக முடியாது. நானும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு உட்காருகிறவன். அதனால் எனக்கு இது சித்தாந்தக் கேள்வி மட்டுமல்ல. சாயங்காலம் ஆறு மணிக்கு என்ன பாடம் நடத்துவது என்கிற கேள்வியும்கூட.

முறை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். மனப்பாடச் செய்யுளை எழுத்துப் பிசகாமல் பத்துத் தடவை எழுது. கடிதம் வந்தால் அனுப்புநர், பெறுநர், தேதி, விளிப்பு, முடிப்பு என்று கட்டம் போட்டு வை. உள்ளே என்ன எழுதினாலும் கட்டத்துக்கு மார்க்கு உண்டு. பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்டால், கேள்வியில் இருக்கிற சொல்லைப் பத்தியில் தேடு. அந்த வரியை அப்படியே இறக்கு. அர்த்தம் தெரிய வேண்டியதில்லை. மீன் பிடிக்கத் தண்ணீரைப் பற்றித் தெரிய வேண்டுமா என்ன, தூண்டில் போதும். இப்படி 35 வாங்கிவிடலாம். பல பிள்ளைகள் வாங்கியும் இருக்கிறார்கள்.

நண்பர்கள் திட்டுகிறார்கள். ஒரு தோழர் சொன்னார்: “நீங்க கிளிப்பிள்ளைங்களத்தான் உற்பத்தி பண்றீங்க. இது விடுதலைக் கல்வியா?” இன்னொருவர் கேட்டார்: “தமிழே தடுமாறுற பிள்ளைக்கு இங்கிலீசு எதுக்குங்க?” இரண்டு பேரும் நல்லவர்கள். இரண்டு பேருடைய பிள்ளைகளும் இங்கிலீசு மீடியத்தில் படிக்கிறார்கள். இதை நையாண்டிக்காகச் சொல்லவில்லை. இந்த விவாதத்தில் யார் எங்கே நின்று பேசுகிறோம் என்பதும் விவாதத்தின் பகுதி என்பதால் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பில் ஐந்து பாடம். ஒவ்வொன்றிலும் 35 வேண்டும். தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்புவரை பெயில் போடுவது கிடையாது. அதனால் பிள்ளை முட்டிக்கொள்ளும் முதல் பெரிய சுவர் பத்தாம் வகுப்புதான். முன்பு ஆங்கிலத்துக்கு இரண்டு தாள் இருந்தது. 2019-20 கல்வியாண்டிலிருந்து ஒரே தாளாக ஆக்கினார்கள். சுவரில் இரண்டு செங்கல் குறைந்தது என்று வைத்துக்கொள்ளலாம். சுவர் இருக்கிறது. முட்டிக்கொண்ட பையன் தோட்டத்துச் செக்ரோலில் பேர் கொடுப்பான், இல்லாவிட்டால் திருப்பூருக்குப் பஸ் ஏறுவான். பெண்பிள்ளைக்குப் பஞ்சாலை விடுதி, அல்லது கல்யாணம். 34க்கும் 35க்கும் நடுவில் இருப்பது ஒரு மார்க்கு அல்ல, ஒரு ஆயுசு.

*

ஏற்காட்டுக்கு இங்கிலீசு புதுசு இல்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். காப்பி வந்தது, பங்களா வந்தது, பங்களாவுக்குக் கீழே லயன் வந்தது. 1894இல் சேக்ரட் ஹார்ட் கான்வென்ட், 1917இல் மான்ட்போர்ட் பள்ளி. வெளியூர்ப் பிள்ளைகள் தங்கிப் படித்து இங்கிலீசு பேசி இறங்கிப் போகிற மலை இது. சசி தரூர் 1960களின் தொடக்கத்தில் சிறுவனாக மான்ட்போர்ட்டில் படித்தவர். 2017இல் ட்விட்டரில் அவர் ‘ஃபராகோ’ என்று ஒரு சொல்லைப் போட, நாடே அகராதியைப் புரட்டியது. அந்த மலையேதான் இதுவும். இங்கே பள்ளி போகிற பாதையும் தோட்டத்துக்குப் போகிற பாதையும் ஒரே மண்ணில்தான் பிரிகின்றன.

லயனிலும் இங்கிலீசு இருக்கிறது. லயன் என்பதே இங்கிலீசு. செக்ரோல், ரைட்டர், பங்களா, பல்பர், நர்சரி, சில்வர் ஓக், போனஸ். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியிடமும் இருபது முப்பது சொல் இருக்கும். ஆனால் எல்லாம் பெயர்ச்சொல். பொருளுக்குப் பேர், இடத்துக்குப் பேர், நம்மை மேய்க்கிற ஆளுக்குப் பேர். வாக்கியம் கீழே வரவில்லை. வினைச்சொல் பங்களாவிலேயே நின்றுவிட்டது. 200 வருசம் ஒரு மொழியின் காலடியில் கிடந்தும் அதில் ஒரு வாக்கியம் பேச முடியாதபடி ஒரு சனத்தை வைத்திருப்பது தற்செயலா?

தற்செயல் இல்லை என்பதற்குச் சட்டமே சாட்சி. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தின் 14ஆம் பிரிவு என்ன சொன்னது? தொழிலாளர் பிள்ளைகள், 6 வயதிலிருந்து 12 வயதுவரை உள்ளவர்கள், 25 பேருக்கு மேல் இருந்தால், முதலாளி கல்வி வசதி செய்துதர வேண்டும் என்று மாநில அரசு விதி போடலாம் என்றது. அதே சட்டத்தின் 24ஆம் பிரிவு, 12 வயது நிரம்பாத பிள்ளையைத் தோட்ட வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. அதாவது 12 வயது நிரம்பியவனை வைக்கலாம். பள்ளி முடிகிற வயதும் கூடை தூக்குகிற வயதும் ஒட்டுப்போட்டதுபோலப் பொருந்துகின்றன. 24ஆம் பிரிவு 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தபோதுதான் நீக்கப்பட்டது. இன்று பத்தாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா அப்பா, அந்தக் கணக்கின் நிழலில் பிறந்தவர்கள்.

இன்றைக்கும் காப்பிப் பழம் சிவக்கிற மாதங்களும் தேர்வுக்குப் படிக்கிற மாதங்களும் ஒன்றாகத்தான் வருகின்றன. அரையாண்டுத் தேர்வு டிசம்பரில். அப்போது வீட்டில் எத்தனை கை இருக்கிறதோ அத்தனை கைக்கும் வேலை உண்டு. மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று வாய்வழியாகச் சொல்லிக்கொள்ளும் சனம் அது. அவர்கள் பேசுகிற தமிழே பள்ளிக்கூடத்தில் ‘தப்பு’. வீட்டுப் பேச்சிலிருந்து புத்தகத் தமிழுக்கு ஒரு மலை ஏறி, அங்கிருந்து இங்கிலீசுக்கு இன்னொரு மலை ஏற வேண்டும்.

*

இப்போது கிளிப்பிள்ளைக் குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அர்த்தம் தெரியாமல் மனப்பாடம் செய்வது கேவலம் என்கிறார்கள். யாருக்குக் கேவலம்? இந்த நாட்டில் அர்த்தம் கேட்காமல் ஒலியை மட்டும் தலைமுறை தலைமுறையாக ஒப்பித்ததற்கு அத்தியயனம் என்று பேர். அதற்கு மானியம் கிடைத்தது, நிலம் கிடைத்தது, சர்வமானியக் கிராமமே கிடைத்தது. அந்த ஒலியைக் கேட்ட சூத்திரன் காதில் ஈயத்தையும் அரக்கையும் காய்ச்சி ஊற்றச் சொன்னது கௌதம தர்மசூத்திரம். சூத்திரனுக்கே அப்படி. அவனுக்கும் வெளியே நிறுத்தப்பட்டவர்களைப் பற்றிக் கேட்க வேண்டாம். அவர்கள் ஒப்பித்தால் புனிதம், நம் பிள்ளை ஒப்பித்தால் மக்கு. மனப்பாடத்தை எதிர்ப்பவர்கள் இந்த வரலாற்றையும் சேர்த்து எதிர்த்தால் நான் காது கொடுக்கத் தயார்.

அதற்காக மனப்பாடமே போதும் என்று சொல்ல வரவில்லை. இலக்கணப் பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். செய்வினையைச் செயப்பாட்டு வினையாக மாற்று என்று ஒரு கேள்வி கட்டாயம் வரும். விதி எளிது. செயப்படுபொருளை முன்னால் கொண்டுவா, செய்தவனைப் பின்னால் தள்ளி ‘பை’ போடு. கூடவே ஒரு சலுகை: செய்தவன் ‘யாரோ’, ‘மக்கள்’ என்று பொதுவாக இருந்தால் ‘பை’யோடு சேர்த்து அவனையும் விட்டுவிடலாம். மார்க்கு குறையாது.

இந்தச் சலுகையைச் சொல்லிக்கொடுக்கிறபோதெல்லாம் எனக்கு வேறொரு நினைப்பு ஓடும். தாழ்த்தப்பட்டோர், ஒடுக்கப்பட்டோர். இவை செயப்பாட்டு வினையிலிருந்து வந்த பேர்கள். ‘டிப்ரெஸ்டு கிளாசஸ்’ என்பதும் அப்படியே. தாழ்த்தியது யார்? ஒடுக்கியது யார்? ‘பை’ இல்லை. யாரோ. பொதுவாக. நம் பேரிலேயே குற்றவாளியை விட்டுவிட்டு எழுதியிருக்கிறார்கள். லயனில் ஒரு பெண்பிள்ளை இதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “அப்ப ‘பை’ போட்டு எழுதினா மார்க்கு குறைப்பாங்களாண்ணா?” குறைக்க மாட்டார்கள் என்றேன். தேர்வில் குறைக்க மாட்டார்கள்.

நேர்க்கூற்றை அயற்கூற்றாக மாற்றுவதிலும் இப்படித்தான். ஏவல் வாக்கியம் வந்தால் ‘செட்’ என்பதை எடுத்துவிட்டு ‘ஆர்டர்டு’ போடுவதா, ‘ரெக்வெஸ்டட்’ போடுவதா? சொன்னவன் எஜமான், கேட்டவன் வேலைக்காரன் என்றால் ஆணையிட்டான். திருப்பிப் போட்டால் வேண்டிக்கொண்டான். சொன்ன சொல் ஒன்றாகவே இருக்கலாம். சொல்பவனின் படிநிலையைப் பார்த்துத்தான் வினைச்சொல் விழும். நம் பிள்ளைகள் இந்தக் கேள்வியை எளிதாகப் போட்டுவிடுகிறார்கள். யார் யாரிடம் எந்தக் குரலில் பேச வேண்டும் என்பது இலக்கணப் புத்தகம் வருவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்த பாடம்.

சொல்வளத்துக்கு வந்தால் இங்கிலீசும் சுத்தமில்லை. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணியும் தமிழிலிருந்து இங்கிலீசுக்குப் போனவை என்று பெருமையோடு எழுதுவார்கள். ‘பரையா’ என்ற சொல்லும் நம்மிடமிருந்து போனதுதான். பறையர் என்கிற சனத்தின் பேர். இங்கிலீசு அகராதியில் அதற்கு ‘எல்லோராலும் விலக்கப்பட்டவன்’ என்று பொருள். பத்திரிகைகளில் ஒரு நாட்டை, ஒரு தலைவரைத் திட்ட இன்றும் கூசாமல் எழுதுகிறார்கள். ஒரு சனத்தின் பேரை வசவாக்கி உலகம் முழுக்க ஏற்றுமதி செய்த மொழியை நம் விடுதலை மொழி என்று நான் எப்படிக் கும்பிடுவது?

*

ஆகவே இங்கிலீசுத் தேவிக்குக் கோயில் கட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. உத்தரப் பிரதேசத்தின் பாங்கா கிராமத்தில் 2010இல் அப்படி ஒரு முயற்சி நடந்தது. அதன் பின்னால் இருந்த சந்திரபான் பிரசாத் மெக்காலே பிறந்தநாளைக் கொண்டாடியவர். அவருடைய கோபம் எனக்குப் புரிகிறது. மெக்காலே 1835இல் குறிப்பு எழுதியது நமக்காக அல்ல என்றாலும், அவர் திறந்த வாசலில் நம் ஆட்கள் சிலர் நுழைந்துவிட்டார்கள் என்பது நிஜம். பம்பாயில் பள்ளிப் பையனாக இருந்த அம்பேத்கருக்குச் சமஸ்கிருதம் படிக்க வழி விடவில்லை, பாரசீகம் எடுத்துப் படித்தார். உள்ளூர்த் தெய்வ மொழி மூடிய கதவு அது. இங்கிலீசில் 1936இல் அவர் எழுதிய சாதி ஒழிப்பு உரையைக் கூட்டத்தில் பேச விடவில்லை. ஆனால் அச்சிட்ட புத்தகத்தைத் தடுக்க முடியவில்லை. ‘குடிஅரசு’ அதைத் தமிழில் போட்டது. இங்கிலீசு அவருக்குச் சாமி இல்லை, கையில் அகப்பட்ட கருவி.

தேர்வு என்பதே சாதிக் கேள்வி என்பதை நம் முன்னோர் 100 வருசத்துக்கு முன்பே கண்டுகொண்டார்கள். 1893இல் ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, இரட்டைமலை சீனிவாசனின் பறையர் மகாஜன சபை 3,412 பேரிடம் கையெழுத்து வாங்கி அதை எதிர்த்து இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்கு மனு அனுப்பியது. வெள்ளைக்காரன்மேல் வந்த பாசம் இல்லை இது. இங்கே தேர்வு வைத்தால் யார் தயாராக இருக்கிறார்கள், யார் பாஸாகி நம் தலைமேல் அதிகாரியாக வந்து உட்காருவார்கள் என்ற கணக்கு. தகுதி, திறமை என்று இன்று கத்துகிறவர்கள் அந்த மனுவைப் படிக்க வேண்டும். தேர்வு எல்லோருக்கும் பொது என்பார்கள். தயாராவதற்கான நேரம் எல்லோருக்கும் பொதுவாக இருந்ததா?

சரி, என் கேள்விக்கு என் பதில். 35க்குத் தயார் செய்வது மோசடியா? மோசடி என்றால் யாரோ ஏமாற வேண்டும். தேர்வு ஏமாறவில்லை. அது ஞாபகத்தைக் கேட்கிறது, பிள்ளை ஞாபகத்தைக் கொடுக்கிறது. அரசாங்கம் ஏமாறவில்லை. கேள்வித்தாளை அமைத்ததே அது. ஏமாறக்கூடியவர் ஒருவர்தான்: அந்தப் பிள்ளை. 35 வாங்கியதும் ‘எனக்கு இங்கிலீசு வந்துவிட்டது’ என்றோ, ‘நமக்கு இவ்வளவுதான் வரும்’ என்றோ அவள் நம்பினால், ஏமாற்றியது நாம். ஆக, அறம் இருக்கிற இடம் பாடமுறையில் இல்லை, நாம் அவளிடம் சொல்கிற சொல்லில். “இது சுவர் ஏற ஏணி. இது இங்கிலீசு இல்லை. இங்கிலீசு வேற, அதையும் படிப்போம்” என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

சொன்னால் செய்யவும் வேண்டும். வாரத்தில் ஆறு நாள் கைடு என்றால் ஒரு நாள் கைடு இல்லாத இங்கிலீசு. மாத்திரை அட்டை, பி.எஃப். கணக்குச் சீட்டு, பேங்க் பாஸ்புக், உரமூட்டையின் பின்பக்கம். மார்க்கு இல்லாத வாசிப்பு. அங்கே வரியை இறக்கினால் போதாது, அர்த்தம் வேண்டும். ஏனென்றால் காசும் உடம்பும் அதில் இருக்கிறது. அப்பாவின் கணக்கில் எத்தனை மாதம் பணம் கட்டவில்லை என்று ஒரு பையன் விரல் வைத்துப் படித்துக் காட்டினான். அந்த வாசிப்புக்கு எந்தத் தேர்விலும் கேள்வி இல்லை.

2025இல் பக்கத்துக் கல்வராயன் மலையில் கருமந்துறை அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி மாணவி ஒருவர் சென்னை ஐ.ஐ.டி.யில் இடம் வாங்கினார். எல்லோரும் படம் போட்டுக் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் ஒருத்தி ஏறியதைக் காட்டி ‘பார், சுவரே இல்லை’ என்று சொல்ல யாரையும் விடக் கூடாது.

படித்து வேலைக்குப் போய்விட்ட நம் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. கட்டுரை எழுதுங்கள், கூட்டம் போடுங்கள். டிசம்பர், ஜனவரியில் பழம் பறிக்கிற காலத்தில் பத்து சனிக்கிழமை மலையேறி வாருங்கள். நாகலூர், மஞ்சக்குட்டை, வெள்ளக்கடை என்று எந்தப் பக்கம் போனாலும் சாயங்காலம் கூடை இறக்கிவிட்டு வந்து உட்காருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். செயப்பாட்டு வினை நடத்துங்கள். ‘பை’யை விட்டுவிட மட்டும் சொல்லிக்கொடுக்காதீர்கள்.