இரவல் மெட்டு

ஒரு பாட்டையோ கதையையோ தள்ளிவிட நம் விமர்சகர்களுக்கு எளிதில் கைகொடுக்கும் சொல் 'இரவல்' என்பதாகும். இரவல் கற்பனை, இரவல் மெட்டு என்று சொல்லிவிட்டால் வழக்கு முடிந்தது. சொல்லின் வேர் இரத்தல். ஆகவே, சொந்தச் சரக்கில்லை என்ற குற்றச்சாட்டோடு பிச்சைக்காரன் என்ற இழிவும் ஒட்டிக்கொண்டே வருகிறது. நன்னூலாருக்கு இந்த இழிவு தோன்றவில்லை. முதல்நூலோடு ஒத்து நின்று, பின்வந்தவன் வேண்டிய வேறுபாட்டையும் கூறுவதே வழிநூல் என்று அவர் மரியாதையாக வகுத்தார்.

அந்த 'வேறுபாடு' எதுவென்று மலையகத்தில் காணலாம். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்களில் ஒலிக்கும் தெம்மாங்கும் தாலாட்டும் ஒப்பாரியும் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து தொழிலாளரோடு கடல் கடந்தவையே. ஆனால் அந்தத் தெம்மாங்குக்குள் கங்காணி வந்து நிற்கிறான்; கோப்பிக் காலத்துக் குழிவெட்டு வருகிறது; உடன்பிறந்தானைப் பறிகொடுத்த மலை வருகிறது. ஊர்த் தெம்மாங்கில் இவை ஏது?

1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவான கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார், தொழிற்சங்கக் கூட்டங்களில் தாமே பாடல் இயற்றிப் பாடியவர். மக்கள் காதுக்குப் பழகிய மெட்டுகளையே அவர் எடுத்துக்கொண்டார். எழுத்தறியாத கூட்டத்துக்குப் பழகிய மெட்டே துண்டுப் பிரசுரம்; ஒருமுறை கேட்டவர் லயத்துக்குத் திரும்பும்போது முணுமுணுத்துக்கொண்டே போகலாம். (சங்கீத வித்துவான்கள் முகஞ்சுளித்திருக்கக் கூடும். அவர்கள் பெரட்டுக் களத்துக்கு வருபவர்கள் அல்லர்.)

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் பயிரிட்ட தேயிலை இம்மண்ணில் பிறந்த செடியன்று. 'சிலோன் டீ' என்று உலகச் சந்தையில் பெயர் சூடியபோது, அதை இரவல் செடி என்று எவரும் ஏளனம் செய்யவில்லை. அச்செடியை வளர்த்த மக்களையோ 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர் ஆக்கியது. எது சொந்தம், எது இரவல் என்று தீர்ப்புச் சொல்லும் நாற்காலியில் அமர்ந்திருப்பவர் யார் என்று கேளாமல் இச்சொல்லை எப்படிக் கையாள்வது?

இதனால் எல்லாப் போலிக்கும் மன்னிப்பு வழங்கிவிட்டதாகக் கொள்ள வேண்டாம். தோட்டப் பள்ளி விழாவுக்கு நம் மாணவன் சினிமா நிலவையும் தென்றலையும் பாடிக்கொண்டு வருகிறான். மெட்டு அவனே போட்டது. நேற்று தாய்க்கு அரைப்பேர் விழுந்ததும், மழை ஒழுகிய லயத்துக் கூரையும் அதில் எங்கும் இல்லை. அதை நான் இரவல் என்பேன்.