எஹ்யே: ஒரு பெயரும் ஒரு வாக்குறுதியும்

எபிரேய மறைநூலில் கடவுளைக் குறிக்க ஏல், எலோகிம், ஷத்தாய் எனப் பல சொற்கள் வழங்கினாலும், அவருக்கே உரிய தனிப்பெயராக ஏறத்தாழ 6,800 இடங்களில் வருவது யோத், ஹே, வாவ், ஹே என்னும் நான்கு மெய்யெழுத்துகளாலான பெயரே ஆகும். இஸ்ரவேலின் அண்டை நாடாகிய மோவாபின் அரசன் மேசா கி.மு. 9ஆம் நூற்றாண்டில் வெட்டுவித்த வெற்றிக் கல்வெட்டிலும் இப்பெயர் காணப்படுவதால், அதன் பழமையிலும், பகைவரும் அதனை அறிந்திருந்தனர் என்பதிலும் ஐயமில்லை. ஆனால் அதன் பொருளை மறைநூல் நேராக விளக்க முற்படும் இடம், யாத்திராகமத்தின் 3ஆம் அதிகாரம் ஒன்றுதான்.

மாமனாரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டு ஓரேப் மலைக்கு வந்த மோசே, எரிந்தும் கருகாத முட்செடியின் நடுவிலிருந்து அழைக்கப்பட்டு, எகிப்தில் அடிமைப்பட்டிருந்த தம் மக்களை மீட்கப் பணிக்கப்படுகையில், அனுப்பியவரின் பெயரை அவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்று வினவ, 'எஹ்யே அஷேர் எஹ்யே' என்னும் மூன்று சொற்கள் விடையாகக் கிடைக்கின்றன. 'எஹ்யே' என்பது இருத்தலையும் ஆதலையும் குறிக்கும் 'ஹயா' என்னும் வினையின் தன்மை ஒருமை வடிவம். 'அஷேர்' என்பது தொடர்களை இணைக்கும் சொல். இவ்வினை வடிவம் முற்றுப்பெறாத செயலைக் காட்டுவதாகையால், இத்தொடருக்கு 'இருப்பவராக இருக்கிறேன்' என்றும், 'எவராக இருப்பேனோ அவராகவே இருப்பேன்' என்றும் பொருள்கொள்ள இலக்கணம் இடம் தருகிறது. நாலெழுத்துப் பெயர் இதே வினையோடு தொடர்புடையதாக அங்கே உணர்த்தப்படுகிறது.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் தொடங்கிய கிரேக்க மொழிபெயர்ப்பு, இத்தொடரை 'உள்ளவர் நானே' என்னும் கருத்துப்பட ஆக்கியபோது, ஒரு வினை ஒரு தத்துவப் பெயராக மாறிற்று. ஃபைலோவும் அகுஸ்தீனும் அவ்வழியே சென்றனர். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ், பிறிதொன்றைச் சாராமல் தானாகவே உள்ள தூய இருப்பு என்னும் தம் கோட்பாட்டுக்கு இதனையே மறைநூற் சான்றாகக் கொண்டார். மாறுவனவற்றுக்கெல்லாம் அடியில் மாறாத ஒன்றைத் தேடிய அச்சிந்தனை மனித அறிவின் உயர்ந்த முயற்சிகளுள் ஒன்று என்பதை மறுப்பதற்கில்லை. எனினும், செங்கல் சூளையில் வதைபடும் மக்களிடம் செல்லவிருக்கும் தூதனுக்கு அந்நேரத்தில் தேவைப்பட்டது இருப்பின் இலக்கணமா என்னும் கேள்வி எழாமற் போவதில்லை.

அக்கேள்விக்கு அதிகாரமே விடை தருகிறது. பெயரைக் கேட்பதற்குச் சற்று முன், பார்வோனிடம் செல்லத் தாம் எம்மாத்திரம் என்று மோசே தயங்கியபோது, 'நான் உன்னோடு இருப்பேன்' என்னும் பொருளில் வரும் விடையிலும் இதே 'எஹ்யே' வருகிறது. அடுத்த அதிகாரத்தில் அவர் தமக்குப் பேச்சுவன்மை இல்லை என்று முறையிட, அவருடைய வாயோடு இருப்பதாகக் கூறுமிடத்தும் இதே வடிவம் மீள்கிறது. முன்னும் பின்னும் உடனிருப்பதைக் குறிக்கும் சொல், நடுவில் மட்டும் தனித்திருக்கும் தூய இருப்பைக் குறித்தது என்று கொள்வதற்குத் தக்க காரணம் வேண்டும். அக்காரணம் அதிகாரத்துக்குள் இல்லை.

யூத மரபு இதனை நுட்பமாக உணர்ந்திருந்தது. தல்மூதில் இடம்பெற்று, 11ஆம் நூற்றாண்டின் உரையாசிரியர் ராஷியும் எடுத்தாண்ட ஒரு விளக்கத்தின்படி, அவ்விரட்டைச் சொல்லின் பொருள், இந்தத் துன்பத்தில் உடனிருப்பது போலவே இனி வரும் அடிமைத்தனங்களிலும் உடனிருப்பேன் என்பதாகும். அதற்கு மோசே, இன்றைய துன்பமே போதாதா, வரப்போவதை இப்போதே அவர்களுக்கு ஏன் சொல்ல வேண்டும் என்று கேட்க, கடவுள் அதனை ஏற்று, 'எஹ்யே அனுப்பினார்' என்று மட்டும் சொல்லப் பணித்தாராம். மூலத்தில் முதலில் இருமுறை வந்த சொல் அடுத்த தொடரில் ஒருமுறையே வருவதற்கு இவ்விளக்கம் கூறும் காரணம், துயருற்றோர்பால் கொண்ட இரக்கமே என்பது எண்ணி எண்ணிப் போற்றத்தக்கது.

அதே வேளையில் இவ்விடையில் ஒரு மறுப்பும் உண்டு. ஒரே வினையை 'அஷேர்' கொண்டு மீண்டும் கூறும் அமைப்பு, யாத்திராகமம் 33ஆம் அதிகாரத்தில், எவருக்கு இரங்குவேனோ அவருக்கு இரங்குவேன் என்னும் கருத்தில் வருமிடத்தில், பிறர் வரையறுக்க இயலாத விருப்புரிமையைக் காட்டுகிறது. பெயரை அறிந்தவர் தெய்வத்தைத் தம் ஏவலுக்கு உட்படுத்தலாம் என்னும் பண்டைய மந்திர நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை: உடனிருப்பு உறுதி, அதன் விதம் அவருடைய உரிமை.

பிற்காலத்தில் இப்பெயரை ஒலிப்பதை யூதர் பயபக்தியால் தவிர்த்து, 'என் ஆண்டவர்' எனப் பொருள்படும் 'அதோனாய்' என்று வாசித்தனர். அச்சொல்லின் உயிர்க்குறிகளை நான்கு மெய்களோடு சேர்த்துப் படித்ததால் பிறந்த வடிவமே, தமிழ் விவிலியத்தில் யாத்திராகமம் 6:3இல் காணப்படும் 'யேகோவா'. பிற இடங்களில் பெரும்பாலும் 'கர்த்தர்' என்று வருவதால், தமிழில் படிப்போர் தலைமையைக் காண்கின்றனர்; வினையைக் காண்பதில்லை.

உடனிருப்பே இப்பெயரின் உயிர்ப்பொருள் என்பதற்கு வலிய சான்று, கி.மு. 8ஆம் நூற்றாண்டுத் தீர்க்கதரிசி ஓசியாவின் நூலில் உள்ளது. வழிதவறிய மக்களை நோக்கி, நீங்கள் என் மக்கள் அல்ல என்று கூறும் 1:9ஆம் வசனம், எபிரேயத்தில் 'உங்களுக்கு எஹ்யே அல்ல' என்னும் பொருள்பட முடிகிறது. எஹ்யே என்பது தூய இருப்பை மட்டுமே குறிப்பதாயின் இக்கடிந்துரைக்குப் பொருளே இராது. ஏனெனில் திரும்பப் பெறத்தக்கது உறவேயன்றி இருப்பு அன்று.