எட்டுப் பொருள்களில் ஓர் ஊசி

ஜூன் பிறந்துவிட்டால் மும்பையில் எல்லாவற்றுக்கும் ஓர் உறை வந்துவிடும். கூரைக்கு நீலத் தார்ப்பாய், செல்போனுக்கு பிளாஸ்டிக் கவர், தாதர் பூச்சந்தையில் சாமந்திக் கூடைக்கு பாலிதீன் தாள். செம்பூரிலிருந்து சயான் வழியாகத் தாதருக்கு சைக்கிளில் வேலைக்குப் போகிறவரின் கவலை லேப்டாப்பைப் பற்றியது. முதுகில் மாட்டினால் வியர்வை, கேரியரில் கட்டினால் மழை. கேரியரின் இரு பக்கமும் தொங்கவிடும் நீர்புகாப் பைகள் இருக்கின்றன. பானியர் என்பார்கள். வெளிநாட்டுத் தயாரிப்பென்றால் ஒரு ஜோடிக்கே பல ஆயிரம் ரூபாய் ஆகிவிடும். படகு விடுகிறவர்கள் துணிமணியைப் போட்டு வைக்கும் டிரை பேக்கோ சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஆகவே சிலர் ஊசியும் ஸ்க்ரூ டிரைவருமாக உட்கார்ந்துவிடுகிறார்கள்.

செய்முறை கடினமானதல்ல. சூட்சுமம் ஓர் இடத்தில்தான். டிரை பேக்கின் மூட்டுகள் பெரும்பாலும் தைக்கப்படுவதில்லை, சூட்டில் ஒட்டப்படுகின்றன. வாயை மூன்று சுற்று சுருட்டிக் கொக்கி போட்டால் தண்ணீர் போகாது. கேரியரில் மாட்டக் கொக்கி வேண்டும் என்று அதில் ஓட்டை போட்ட கணமே அது சாதாரணப் பையாகிவிடுகிறது. இதற்கு இரண்டு வழி உண்டு. பையின் முதுகுக்குள் கெட்டியான பிளாஸ்டிக் பலகையைச் செருகி, போல்ட் போகும் துளையின் இரு பக்கமும் ரப்பர் வாஷர் வைத்து, பசை பூசி முறுக்குவது ஒன்று. பையைத் தொடாமல், அதை அணைத்துப் பிடிக்கும் நாடாச் சட்டம் ஒன்றைத் தனியாகத் தைத்து, பலகையையும் கொக்கிகளையும் அந்தச் சட்டத்தில் பொருத்துவது இன்னொன்று. இரண்டாவதே மேல், பை கிழிந்தால் பையை மட்டும் மாற்றினால் போதும். கீழே ஒரு ரப்பர் கயிறு இழுத்துப் பிடிக்காவிட்டால் குழியில் சக்கரம் இறங்கும்போது பை துள்ளும். கொஞ்சம் பின்தள்ளி மாட்டாவிட்டால் மிதிக்கும்போது குதிகால் இடிக்கும்.

இன்று உலகமெங்கும் விலையுயர்ந்த பானியருக்குப் பெயர்போன ஜெர்மன் நிறுவனம் ஆர்ட்லீப் கூட இப்படித்தான் பிறந்தது. இங்கிலாந்தில் சைக்கிள் பயணம் போன ஹார்ட்முட் ஆர்ட்லீப் என்ற இளைஞர் மழையில் நனைந்தபடி, லாரியின் தார்ப்பாய்க்குள் சரக்கு நனையாமல் போவதைப் பார்த்தார். ஊர் திரும்பி அதே துணியில் பை தைத்தார். 1982-இல் நிறுவனம் தொடங்கியது.

இனி அதே சாலையில் போகும் இன்னொரு சைக்கிளைப் பார்க்கலாம். தாராவியில் விடியுமுன் அவித்த இட்லியை அலுமினியப் பாத்திரத்தில் அடுக்கி, கேரியரில் ஏற்றி, சாம்பாரும் சட்னியும் உள்ள தூக்குகளை அங்கங்கே தொங்கவிட்டு, ரப்பர் ஹாரனை அழுத்திக்கொண்டு மாட்டுங்கா, தாதர் பக்கம் போகும் தமிழர்கள் பல பத்தாண்டுகளாக இந்நகரின் காலைக் காட்சியில் ஒரு பகுதி. தாதரிலிருந்து திருநெல்வேலிக்கு நேரடி ரயில் ஓடுகிறது என்பதே இவர்களில் பலருடைய பூர்வீகத்தைச் சொல்லிவிடும். பழைய டியூபை வார்வாராக வெட்டிக் கட்டிய பாத்திரம், பாத்திரத்தின் மேல் துணி, துணியின் மேல் பாலிதீன். கடையில் விற்காத ஏற்பாடு இது. ஓட்டுகிறவரின் உடம்புக்கும் சரக்குக்கும் ஏற்றபடி கையால் அமைத்தது. (ஏழையின் கறுப்பு சைக்கிள் கேரியரோடு வருகிறது. கியர் வைத்த விலையுயர்ந்த சைக்கிள்களில் பல அது இல்லாமலே வருகின்றன. சுமக்க வேண்டியதில்லை என்பதும் ஒரு வசதிதானே.)

இரண்டு சைக்கிளிலும் தொங்குவது கையால் செய்த மலிவான ஏற்பாடுதான். முதலாவதைப் பார்த்து எளிமை, தற்சார்பு என்று வியக்கிறோம். இரண்டாவதைப் பார்த்து அப்படிச் சொல்ல நாக்கு கூசுகிறது. குறைவாக வைத்துக்கொள், உன் கையாலேயே செய்துகொள் என்று சமயங்கள் காலங்காலமாகச் சொல்லி வருகின்றன. வேறு வழியே இல்லாதவருக்கு அந்த உபதேசத்தில் என்ன இருக்கிறது?

பையைப் பற்றி சமயங்கள் நிறையவே பேசியிருக்கின்றன. திகம்பர சமண முனிவருக்கு மயிற்பீலியும் கமண்டலமும் போதும். பைக்கு வேலையே இல்லை. கிரேக்கத்தின் சினிக் தத்துவவாதிகளுக்குக் கோலோடு தோள்பையும் அடையாளம். தன் சொத்தெல்லாம் அதற்குள் அடங்கும் என்பது அவர்களுடைய பெருமிதம். இயேசு சீடர்களை ஊர் ஊராக அனுப்பும்போது பையே எடுக்கக் கூடாது என்கிறார். லூக்கா நற்செய்தியில் இது 9, 10 அதிகாரங்களில் வருகிறது. அதே நூலின் 22-ஆம் அதிகாரத்தில், கைதாகும் இரவில், பை உள்ளவன் அதை எடுத்துக்கொள்ளட்டும் என்று அவரே மாற்றிச் சொல்கிறார். உரையாசிரியர்கள் இந்த முரணோடு மல்லாடியிருக்கிறார்கள். உபசரிக்க வீடுகள் திறந்திருந்த காலத்தில் பை தேவையில்லை, கதவுகள் மூடப்போகும் வேளையில் தேவை என்று எடுத்துக்கொண்டால் சிக்கல் அவிழ்கிறது. பையில்லாமல் போவதற்கும் ஊர் ஒத்துழைக்க வேண்டும்.

புத்த பிக்குவின் பட்டியல் இன்னும் சுவையானது. அவர் வைத்துக்கொள்ளக்கூடியவை எட்டுப் பொருள்கள்: மூன்று ஆடைகள், இடைக்கச்சை, பிச்சைப் பாத்திரம், சவரக்கத்தி, ஊசி, நீர் வடிகட்டி. எல்லாவற்றையும் துறந்தவரிடம்கூட ஊசி இருந்தாக வேண்டும் என்று சங்கம் நினைத்திருக்கிறது. கிழிந்தால் தைக்கத் தெரிவதைப் பற்று என்று யாரும் எண்ணவில்லை போலும்.

இந்த எட்டையும் வரிசைப்படுத்தி எழுதியவர்களில் ஒருவர் தாதரில் வாழ்ந்தார். இந்து காலனியில் 1930-களில் அம்பேத்கர் கட்டிய ராஜகிருகம் இன்றும் இருக்கிறது. அவர் உடல் 1956 டிசம்பர் 7 அன்று எரியூட்டப்பட்ட சைத்யபூமியும் தாதர் கடற்கரைதான். புத்தரையும் மார்க்ஸையும் ஒப்பிட்ட கட்டுரையில் பிக்குவின் உடைமைகளை எடுத்துக்காட்டும் அம்பேத்கர், 1950-இல் மகாபோதி சங்கத்தின் இதழில் எழுதிய கட்டுரையில் ஒரு கோட்டைத் தெளிவாகப் போடுகிறார். செல்வம் உள்ளவர் அதைத் துறப்பது உயர்ந்த நிலையாக இருக்கலாம்; வறுமை ஒருபோதும் அப்படி ஆகாது; வறுமையைப் புனிதமாக்குவது சமயத்தைத் திரிப்பது என்பது அவர் வாதம்.

எதிர்த்தரப்பில் நிறுத்த ஒரு தமிழர் கிடைக்கிறார். தஞ்சாவூரில் 1892-இல் கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த ஜே.சி. குமரப்பா, லண்டனில் கணக்குத் தணிக்கை படித்து பம்பாயில் தொழில் நடத்தியவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செலிக்மன் என்ற பொருளாதாரப் பேராசிரியரிடம் படித்துத் திரும்பியபின் 1929-இல் காந்தியைச் சந்தித்தார், தொழிலை விட்டார். 1934-இல் வார்தாவில் தொடங்கிய அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தை நடத்தினார். அதே செலிக்மனிடம் பத்தாண்டுக்கும் முன்பே படித்தவர் அம்பேத்கர். ஒரே ஆசிரியரிடம் இந்திய வறுமையையும் அரசு நிதியையும் ஆராய்ந்த இருவர் இப்படி எதிரெதிர்த் திசையில் போனது ஏன் என்று யாராவது தனி நூலே எழுதலாம்.

சிறையில் எழுதி 1945-இல் வெளிவந்த ‘நிலைத்த பொருளாதாரம்’ நூலில் குமரப்பா உழைப்பைப் பற்றிச் சொல்வது கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு வேலையிலும் சலிப்பும் உண்டு, மனிதனை வளர்க்கும் பகுதியும் உண்டு. இரண்டையும் பிரித்து, சலிப்பை ஒருவர் தலையிலும் வளர்ச்சியை இன்னொருவர் மடியிலும் போடுவதுதான் கேடு என்கிறார். அதே 1945-இல் வந்த நூலொன்றில் அம்பேத்கர் காந்தியத்தை வறுத்தெடுக்கிறார். இயந்திரம் தரும் ஓய்வு இல்லாவிட்டால் சாமானியனுக்குப் பண்பாடு ஏது, இயந்திரம் வேண்டாம் என்பவர்கள் மனிதனை விலங்கு வாழ்க்கைக்கு அனுப்புகிறார்கள் என்பது சாரம்.

டிரை பேக்கைத் தைப்பவரை குமரப்பா பாராட்டியிருப்பார். வாஷரை எங்கே வைப்பது என்று யோசிக்கும் நேரத்தில் அந்த மனிதர் ஏதோ வளர்கிறார். இட்லிக்காரரும் பாத்திரத்தைக் கட்டுவதில் அதே அறிவைத்தான் காட்டுகிறார். ஆனால் அம்பேத்கரின் கேள்விக்கு அது பதிலாகாது. முதலாமவர் அலுத்துப்போனால் கடையில் வாங்கிக்கொள்வார். இரண்டாமவருக்கு அலுக்கும் உரிமை கிடையாது. கையின் திறமை இருவரிடமும் ஒன்றே. விட்டுவிடும் சுதந்திரம் ஒருவரிடம்தான். துறவு, எளிமை ஆகிய சொற்கள் பொருந்துவது அந்தச் சுதந்திரம் இருக்கும் இடத்தில் மட்டுமே.

வேலையைப் போற்றிச் செய்பவரை வாசலில் நிறுத்துவதும் நமக்குப் புதிதல்ல. பெரியபுராணத்தின் திருநாளைப்போவார், நாம் நந்தனார் என்று அறிந்தவர், கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தவர். அவர் கொடுத்தவை உள்ளே போயின. அவர் நேராக உள்ளே போக முடியவில்லை. தீயில் இறங்க வேண்டியிருந்தது. அம்பேத்கர் 1948-இல் வெளியிட்ட ‘தீண்டப்படாதவர்கள்’ நூலை மூவருக்குக் காணிக்கையாக்கினார்: தமிழகத்து நந்தனார், தோல் தொழிலாளியான ரவிதாஸ், பண்டரிபுரக் கோயிலுக்குள் அனுமதிக்கப்படாத சொக்காமேளா.

அதே தோலின் ஊர்தான் தாராவி. தமிழகத்திலிருந்து வந்த முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் தோல் பதனிடும் தொழிலோடு இங்கே காலூன்றினர். பதனிடுதல் வெளியேறியபின் பை தைக்கும் பட்டறைகள் எஞ்சின. 2015-இல் மகாராஷ்டிரம் காளை, எருதுகளைக் கொல்லவும் தடை விதித்ததும் பல கைகளுக்கு வேலை குறைந்தது. ஓவியர் சுதீர் ராஜ்பர் அவர்களில் சிலரோடு சேர்ந்து மறுசுழற்சி ரப்பரில் பைகள் செய்யத் தொடங்கினார். நிறுவனத்துக்கு வைத்த பெயர் ‘சமார்’. வசையாக எறியப்பட்ட சாதிப்பெயரே கடைப்பலகையில் ஏறியது. நீர்புகாத ரப்பரில் செய்த அந்தப் பைகளை நாகரிக உலகம் நல்ல விலைக்கு வாங்குகிறது. இங்கே பொருளோடு ஆளின் பெயரும் உள்ளே போகிறது. அதுதான் நந்தனார் காலத்திலிருந்து மாறியது.

சுமையைச் சமயம் கண்ணியப்படுத்திய உதாரணமும் தாதர் ரயில் நிலையத்திலேயே உண்டு. 1890-இல் மகாதேவ் ஹாவாஜி பச்சே தொடங்கியதாகச் சொல்லப்படும் மதிய உணவு விநியோகத்தைச் செய்யும் டப்பாவாலாக்களில் பெரும்பாலோர் வார்கரி பக்தி மரபினர். உணவு கொண்டு போவதை விட்டலனுக்குச் செய்யும் சேவையாகக் கருதுகிறவர்கள். சைக்கிள் கைப்பிடியிலும் கேரியரிலும் அவர்கள் டப்பாக்களைத் தொங்கவிடும் விதத்தைப் பார்த்து மேலாண்மைப் பேராசிரியர்கள் பாடம் எழுதினார்கள். 2020-இல் ஊரடங்கு வந்து அலுவலகங்கள் மூடியபோது பலர் கிராமம் திரும்ப நேர்ந்தது. பக்தி அவர்களுக்குச் சுமையைத் தாங்கும் பலம் தந்தது. வருமானத்துக்கு உத்தரவாதம் தரவில்லை. பேராசிரியர்களின் பாடத்திலும் அதற்கு வழி இல்லை.

வீட்டில் தைத்த பானியருக்குத் திரும்பினால், அதன் விலைக்கணக்கில் ஒரு வரி விடுபட்டிருப்பது தெரியும். டிரை பேக், கொக்கி, நாடா, வாஷர் எல்லாம் சேர்த்துச் சில நூறுதான் என்று செய்தவர் மகிழ்ந்து சொல்வார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்த நேரத்தை அவர் சேர்ப்பதில்லை. அது அவருக்கு விளையாட்டு. அதே நாடாச் சட்டத்தைத் தாராவியில் கனமான ஊசி போட்ட மெஷின் வைத்திருப்பவரிடம் கொண்டுபோய், கடையில் வாங்குவதைவிட மலிவாக வேண்டும் என்று பேரம் பேசும்போதுதான் அந்த நேரத்துக்கு விலை உண்டு என்பது உறைக்கிறது. பீஸ் ரேட்டில் தைக்கும் அவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. தணிக்கையாளரான குமரப்பாவின் மேசைக்கு இந்தக் கணக்கு போயிருந்தால், கூலி என்ற பத்தி ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டுத் திருப்பி அனுப்பியிருப்பார்.