கட்டியவன் எண்ண வேண்டிய நாட்கள்

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூருக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரில், சாமை உலரப் போட்டிருந்த வாசலைப் பார்த்தபடி திண்ணையில் காலை நீட்டி அமர்ந்திருந்த ஒருவரின் கணுக்காலைச் சுற்றி, காப்பு அணிந்து கழற்றினாற்போல, ரோமம் முளைக்காத வெளிறிய தழும்பொன்று ஓடியிருந்தது. மூன்றாம் தடவையாக மனநல ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பத்து நாள் ஆகிறதென்று அவருடைய தாயார் சொன்னார். தழும்பு ஆஸ்பத்திரி தந்ததன்று. முதல் தடவை, கீழே கொண்டுபோக வண்டி அமையும்வரை, மகன் காட்டுக்குள் ஓடிப் பள்ளத்தில் விழுந்துவிடுவானோ என்ற பயத்தில் வீட்டாரே மாட்டுக் கயிற்றால் கட்டி வைத்ததில் உண்டானது. “நாங்கதான் கட்டினோம், அய்யா. வேற என்ன பண்ணியிருக்கணும்?” என்று அந்த அம்மாள் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

ஒரு ஜீவனை அதன் நன்மைக்காகவே கட்டி வைத்தல் தர்மமாகுமா, ஆகுமென்றால் எத்தனை தடவை, எத்தனை நாள் என்ற வினாவைச் சட்டப் புத்தகத்துக்கு மட்டும் விட்டுவிட முடியாது. பந்தம் என்பதையே நடுப்பொருளாக வைத்துச் சிந்தித்த சைவ சித்தாந்தம் நம்மிடம் இருக்கிறது. இறைவனுடைய ஐந்தொழிலில் மறைத்தலும் ஒன்று என்றும், அதுவும் அருளே என்றும், மருந்து குடிக்க மறுக்கும் குழந்தையைத் தாய் மடியில் இறுக்கிப் பிடிப்பது போன்ற மறக்கருணை அது என்றும் பெரியோர் விளக்குவர். மனநோயாளியை அவர் சம்மதமின்றி அடைத்து வைப்பதற்கும் இந்த உவமையையே நியாயமாகக் காட்டுவோர் உண்டு. நானும் வெகுகாலம் அதில் திருப்தியடைந்திருந்தேன். ஆனால் மறைக்கிற இறைவன் முற்றறிவுடையவன். உயிரைப் பிணித்திருக்கும் மலம் பரிபாகமடையும் கணத்தை அறிந்து திரையைத் தானே நீக்குகிறவன். மனிதனை மனிதன் கட்டும்போதோ, கட்டுண்டவனும் பசு, அதாவது பந்தப்பட்ட உயிர்; கட்டியவனும் பசு. இருவர் அறிவும் சிற்றறிவே.

எப்போது அவிழ்க்க வேண்டுமென்று அறியாதவன் நாட்களையாவது எண்ண வேண்டும். 2018 மே 29 முதல் நடைமுறையிலுள்ள 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், தமக்கோ பிறருக்கோ தீங்கு நேரும் நிலையிலோ, தம்மைத் தாமே பேண இயலாத நிலையிலோ உள்ளவரை, அவருடைய பிரதிநிதியின் வேண்டுகோளின்பேரில் சேர்த்துக்கொள்ளும்போது 89ஆம் பிரிவில் 30 நாள் என்று எல்லை கட்டுவது, குமாஸ்தாவின் கணக்கு அன்று. கட்டியவன் தன் அறியாமையை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலம் என்றே நான் கருதுகிறேன். சங்கிலியை அச்சட்டம் முற்றிலும் விலக்கியிருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் ஏர்வாடியில், ஓலைக் கொட்டகையில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயிலிருந்து ஓட முடியாமல், 28 பேர் மாண்டதை அறிந்த எவரும் அதற்கு மேல் விளக்கம் கேட்கமாட்டார்.

எனினும் அடுத்த பிரிவில் என் மனம் தடுமாறுகிறது. வெளியே வந்த ஏழு நாளுக்குள் மறுபடியும் சேர்க்க நேர்ந்தால், 90ஆம் பிரிவின்படி முதலில் 90 நாள் வரை, பிறகு 120, அதன் பிறகு ஒவ்வொரு தடவையும் 180 நாள் வரை வைத்திருக்கலாம். இரண்டு மனநல மருத்துவர்கள் தனித்தனியே பரிசோதிக்க வேண்டும், மறுஆய்வு வாரியம் அநுமதிக்க வேண்டும் என்ற காப்புகளை நான் அற்பமாக எண்ணவில்லை. கிணற்றில் குதிக்கப் போகிறவர் கையைப் பற்றத்தான் வேண்டும் என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால், ஒருவர் திரும்பத் திரும்ப வருவது எதற்குச் சாட்சி? நோயின் பிடிவாதத்துக்கு மட்டுமா? மாத்திரை தீர்ந்தால் ஒரு நாள் கூலியை விட்டு மலையிறங்க வேண்டியிருப்பதற்கும், திரும்பியவருக்கு ஏர் பிடிக்கவோ புளி அடிக்கவோ கூப்பிடுவார் இல்லாமற் போனதற்கும், 1794இல் சென்னையில் தோன்றிய மனநோய் வைத்தியசாலை பிற்காலத்தில் குடியேறிய கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரே நம் வாயில் வசவாகிவிட்டதற்கும் அது சாட்சி அல்லவா? முதல் தடவை கட்டியது பலிக்கவில்லை என்றால் வெளிப்பட்டது கட்டியவருடைய அறியாமை. அப்படியிருக்க, நீள்வது கட்டுண்டவருடைய நாட்கள்!

அப்படி விலக்காத ஊரும் உண்டு. இம்மலைக்குத் தெற்கே திருவண்ணாமலையில், 1889 முதல் வீதி வீதியாய்த் திரிந்த சேஷாத்திரி சுவாமிகளைப் பலர் பைத்தியம் என்றார்கள்; 1896இல் வந்து தேகப் பிரக்ஞையின்றி அமர்ந்திருந்த இளம் ரமணர்மேல் சிறுவர் கல்லெறிந்தபோது காக்க முனைந்தவர் அந்தச் சுவாமிகளே. நோயை ஞானமென்று மயங்கச் சொல்லவில்லை. நோய் நோய்தான், அதன் வேதனை மெய்யானது. நடத்தை விளங்காத ஒருவருக்கும் தன் வீதியில் இடம் வைத்திருந்தது அவ்வூர் என்பதே நான் சொல்வது. சிவபெருமானையே பித்தன் என்றழைத்த மரபுக்கு அது புதிதன்று.

மலையடிவாரத்துக்கு அப்பால், வேலூர்ப் பாகாயத்தில் 1957இல் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்கும் வழக்கம் உண்டு. மறக்கருணை என்ற சொல்லுக்கு மனிதரிடையே ஏதேனும் பொருள் இருக்குமானால், கட்டச் சம்மதித்தவரும் அதே நாட்களை அதே கூரையின்கீழ் எண்ணுகிற இவ்விடத்தில்தான் அது இருக்கிறது என்று தோன்றுகிறது.

நான் புறப்படும் வேளையில் மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. திண்ணையிலிருந்தவர் வானத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “அம்மா, சாமையை அள்ளிடலாமா?” என்று கேட்டார். தாயார் என்னை மறந்து, சாக்கை எடுத்துவர உள்ளே போனார்.