காத்ததும் கொடுத்ததும்

2013 ஆகஸ்ட் மாதம் கலிபோர்னியாவின் மான்டரேயில் நடந்த ஏலத்தில், 1967-ஆம் ஆண்டு மாடல் பெராரி கார் ஒன்று 2 கோடியே 75 லட்சம் டாலருக்குப் போனது. அமெரிக்க மண்ணில் அதுவரை எந்தக் காரும் ஏலத்தில் அவ்வளவு விலை பெற்றதில்லை. கிடைக்கும் பணம் அத்தனையும் அறப்பணிகளுக்கே என்று சொல்லிவிட்டுத்தான் காரை வைத்திருந்த குடும்பத்தார் அதை ஏலத்துக்குக் கொண்டுவந்தார்கள். உடைமையைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் அந்தக் கார் என் மனத்தில் வந்து நிற்கிறது.

அது 275 ஜிடிபி/4 நார்ட் ஸ்பைடர். லே மான்ஸ் பந்தயத்தை 1932, 1934, 1949 என மூன்று முறை வென்ற லூயிஜி கினெட்டி அப்போது அமெரிக்காவில் பெராரி கார்களை விற்றுவந்தார். திறந்த கூரையுள்ள கார் வேண்டும் என்று அவர் மாரனெல்லோவிலுள்ள பெராரி நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டதால் பிறந்தது இது. மோடெனாவில் ஸ்காலியெட்டியின் பட்டறை உடலை வடித்துக் கொடுத்தது. 25 கார்கள் செய்வதாகத் திட்டம். வாங்க ஆள் குறைவாக இருந்ததால் 10 காரோடு நின்றுபோயிற்று. இன்று உலகமே தேடும் பொருளுக்கு அன்று மதிப்பில்லை. காலம் தரும் விலையும் அது மறுக்கும் விலையும் பொருளின் உள்ளே இருப்பவை அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அந்தப் பத்தில் ஒன்றான இந்த ஏலக் காரை, வடக்குக் கரோலினாவின் லெக்சிங்டன் ஊரைச் சேர்ந்த வணிகர் ஒருவர் 1968-இல் வாங்கினார். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். தன் உழைப்பால் தொழில் வளர்த்து மேலே வந்தவர். 2007-இல் காலமாகும் வரை காரை அவர் கைவிடவில்லை. அதன் விலை பல மடங்கு ஏறிக்கொண்டே போனது, அவர் அசையவில்லை.

இப்படி ஒன்றைக் காப்பது சும்மா நடப்பதில்லை. 3.3 லிட்டர் இன்ஜின், பன்னிரண்டு சிலிண்டர், அவற்றுக்கு எரிபொருள் ஊட்ட ஆறு வெபர் கார்புரேட்டர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு வாய். கைதேர்ந்த மெக்கானிக் அந்தப் பன்னிரண்டு வாயிலும் வரிசையாக ஒரு குழாயை வைத்து, காற்று உள்ளே போகும் ஓசையைக் காதால் கேட்பார். ஒன்று வேகமாக இழுத்தால் திருகைக் கொஞ்சம் திருப்புவார், மறுபடியும் கேட்பார். பன்னிரண்டும் ஒரே மூச்சாகும் வரை பொறுமையாக இருப்பார். அந்த நேரத்தில் அவர் மனத்தில் வேறெதுவும் இருக்க முடியாது. கண்ணை மூடி அமர்ந்தும் கிட்டாத ஒருமுகம், செய்யும் வேலையில் முழுமையாகக் கரைந்தவருக்குத் தானாக வாய்த்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. பத்திரமாக இருக்கட்டும் என்று பூட்டியே வைத்தால் இந்த இன்ஜின் கெட்டுப்போகும். பெட்ரோல் காய்ந்து பிசினாகப் படியும். ரப்பர் சீல்கள் இறுகி வெடிக்கும். ஓட்டினால்தான் எண்ணெய் எல்லா இடத்துக்கும் போய்ச் சேரும். லெக்சிங்டன்காரரும் ஓட்டி மகிழ்ந்தவர்தான். அஞ்சி மூடிவைத்த செல்வமும், அன்பும், கல்வியும் இப்படித்தான் உள்ளுக்குள்ளேயே உறைந்துபோகின்றன.

பற்றை விடு என்று பெரியோர் சொல்லும்போது, பொருள்மீது அக்கறையே கூடாது என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். அலட்சியத்துக்கும் பற்றின்மைக்கும் வெகு தூரம். கோயில் குத்துவிளக்கைத் துலக்குபவர் அது தன் வீட்டு விளக்கில்லை என்று அறிவார். அதனால் அவர் கை தளர்வதில்லை. இன்னும் பயபக்தியோடு துலக்குகிறது. தனக்குச் சொந்தமானதையும் அப்படிப் பேண முடிந்தவர் பாக்கியவான். அக்கறை அங்கே முழுமையாக இருக்கும். 'எனது' என்ற இறுக்கம் மட்டும் இராது.

தந்தை போற்றிய பொருளைப் பிள்ளைகள் கொடுத்துவிட்டார்களே என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அது அவர் செய்த காவலின் நிறைவாகவே படுகிறது. பெற்றோர் இன்றி வளர்ந்த ஒரு பிள்ளையின் உழைப்பு வாங்கிய பொருள், முகம் தெரியாத பலருக்கு உதவியாகப் போயிற்று. ஏனோதானோவென்று வைத்திருந்தால் கொடுப்பதற்கு என்ன மிஞ்சியிருக்கும்? நன்றாகக் காத்ததனால்தான் நிறையக் கொடுக்க முடிந்தது.

நம்மிடம் பெராரி இல்லை. ஆனால் உடம்பு இருக்கிறது, வீடு இருக்கிறது, கற்ற தொழில் இருக்கிறது. எல்லாம் சில காலம் நம் பொறுப்பில் விடப்பட்டவை. இன்று அவற்றில் ஒன்றை எடுத்து, நாளை வேறொருவரிடம் சேர்ப்பிக்க வேண்டியது என்ற நினைவோடு பேணுவோம். அந்த நினைவு நிலைத்துவிட்டால், கொடுக்க வேண்டிய நாள் வரும்போது மனம் தயங்காது.